ஆடினோம் சரி, வள்ளியம்மாளைத் தெரியுமா?

போன மாதம் எங்கட பீடத்துக் கலைவிழாவில் கடைசிப் பாட்டு 'என்ஜாய் எஞ்சாமி'. முழு மண்டபமும் எழும்பி ஆடியது. எல்லாம் முடிந்து கதிரை அடுக்கும்போது, ஹட்டன் பக்கமிருந்து வந்த எங்கட பட்ச் பெடியன் ஒருவனை, "டேய் தோட்டக்காட்டான், இதையும் தூக்கு" என்று ஒருத்தன் கூப்பிட்டான். பகிடியாம். நாங்களும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறோம். நாங்கள் என்றால், வடக்கில் வளர்ந்த பிள்ளைகள்.

நாங்கள் ஆடின பாட்டு யாருடைய கதை? அதை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிசரைப் பங்கு பிரித்தது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். அந்தச் சனத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிக் கப்பலேறிய தலைமுறையில் ஒருவர்தான் வள்ளியம்மாள். காடு வெட்டி மலையைத் தோட்டமாக்கிவிட்டு, கையில் ஒரு துண்டு நிலமும் இல்லாமல் போன சனத்தின் ஒப்பாரி அந்தத் துள்ளலுக்குள் இருக்கிறது. நாங்கள் துள்ளலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பாட்டைச் சுற்றி நடந்த சண்டை எங்களுக்கு நல்லாத் தெரியும். 2021 ஓகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் அதைக் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 இல் சென்னை செஸ் ஒலிம்பியாட் மேடையில் அறிவு இல்லாமலே பாட்டு ஒலித்தது. மெட்டும் சொல்லும் தன்னுடையது என்று அறிவு எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். 2024 இல், இந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு சதமும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே சொன்னார்.

மெட்டு யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆள் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். அந்த அட்டையில் இருந்த இரண்டு பேருக்கும் ஈழத்து வேர் இருக்கிறது. "எங்கட ஆக்கள்" என்று ஸ்டேட்டஸ் போட்டோம். இதே நாட்டில் உழைத்து அனுப்பப்பட்ட பாட்டியின் பேரன் மட்டும் ஏன் எங்கட ஆள் ஆகவில்லை?

இது இன்றைக்குத் தொடங்கினது இல்லை. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. அதே வருஷம் தமிழ்க் காங்கிரஸ் அதே அரசாங்கத்தில் போய்ச் சேர்ந்தது. செல்வநாயகம் பிரிந்து வந்து 1949 இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினதைப் பெருமையாகக் கதைப்போம். மற்றப் பாதியை விழுங்கிவிடுவோம்.

"பாட்டுத்தானே, ஆடிட்டுப் போங்கோவன்" என்று கேட்பீர்கள். சரி. அந்தப் பாட்டு வந்தது 2021 மார்ச்சில். தோட்டத் தொழிலாளர்கள் வருஷக்கணக்காகக் கேட்ட 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்ததும் அதே மார்ச்சில்தான். கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. எங்கட டைம்லைனில் எது ஓடியது? பாட்டுக்கு ரீல்ஸ் செய்த எங்களில் எத்தனை பேர் அந்தச் செய்தியைப் பகிர்ந்தோம்?

அறிவின் பெயரைப் போடு என்று சென்னையைப் பார்த்துக் கத்தினது நியாயம்தான். ஆனால் பக்கத்துக் கதிரையில் இருக்கிறவனுக்குப் பெயர் இருக்க, அவனைத் தோட்டக்காட்டான் என்று கூப்பிடுகிறவர்களுக்கு அதைக் கேட்க என்ன தகுதி இருக்கு?

அடுத்த விழாவிலும் இந்தப் பாட்டைப் போடுவார்கள். நாங்களும் ஆடுவோம், ஆடத்தான் வேணும். அதுக்கு முதல் அந்தப் பெடியனிட்ட மன்னிப்புக் கேட்க வேணும். இதை எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் எங்களில் ஒருத்தரும் கேட்கவில்லை.