திரைக்குப் பின்னே மணியடித்தவர்

தற்கொலைத் தடுப்பு தினத்தையொட்டி நடந்த ஒரு கூட்டத்துக்கு நண்பரின் தாட்சண்யத்துக்காகப் போய், குத்துவிளக்கேற்ற வேண்டிய நடிகருக்காக வெகுநேரம் காத்துக்கிடந்து, கடைசியில் வந்தவர் எல்லோரும் தைரியமாக இருக்க வேண்டும் என்று இரண்டு நிமிஷம் உபதேசித்துவிட்டுப் பொன்னாடையோடு காரேறிப் போனதைக் கண்டு திரும்பியவன், இவ்வாரம் சாந்தமான மனநிலையில் எழுதுவான் என்று வாசகர்கள் எதிர்பார்க்கலாகாது. தைரியம் இழந்தவனிடம் தைரியமாக இரு என்பது, அவன் இழந்தது இன்னதென்று அவனுக்கே ஞாபகப்படுத்துவதுதான். மேடையில் கட்டியிருந்த பதாகையில் நகைக்கடை, புடவைக்கடை, அடுக்குமாடிக் கம்பெனி எல்லாவற்றின் தொலைபேசி எண்களும் இருந்தன; மனம் உடைந்த ஒருவர் கூப்பிட்டுப் பேசக்கூடிய எண் ஒன்றுகூட இல்லை.

ஆனாலும் கலைஞர்களால் இக்காரியத்தில் ஆவதொன்றுமில்லை என்று முடிவுகட்டிவிட என் மனச்சாட்சி இடந்தரவில்லை. ராப் சங்கீதம் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறவன் நான் என்பது இப்பத்தியின் பழைய வாசகர்கள் அறிந்ததே. அப்படிப்பட்டவனையும் உட்கார்ந்து கேட்கவைத்த ஒரு பாட்டு உண்டு. அமெரிக்க ராப் பாடகர் லாஜிக், உங்கள் பாட்டு என் உயிரைக் காப்பாற்றியது என்று ரசிகர்கள் பலர் சொல்லக் கேட்டு, தற்செயலாக நடந்ததை வேண்டுமென்றே செய்து பார்த்தால் என்ன என்று யோசித்து, அலெஸியா காரா, காலித் என்ற இரு பாடகர்களையும் சேர்த்துக்கொண்டு 2017 ஏப்ரலில் வெளியிட்ட அந்தப் பாட்டின் தலைப்பு, 1-800-273-8255. அது அந்நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி மையத்தின் அன்றைய தொலைபேசி எண். பாட்டின் தொடக்கத்தில் பேசுகிறவன் அந்த எண்ணை அழைத்தவன். பிறகு மறுமுனையில் தொலைபேசியை எடுத்தவரின் குரல் வருகிறது. முடிவில் அழைத்தவனின் பல்லவியே வேறாகிவிடுகிறது. அவ்வாண்டு எம்.டி.வி. விருது விழாவில் அவர் அதைப் பாடியபோது, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்கள் அந்த எண் பொறித்த சட்டையோடு மேடையில் அவருடன் நின்றார்கள்.

இதன் பலனை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். பாட்டு வெளியானபோதும், அந்த விழாவிலும், பின்னர் 2018 ஜனவரியில் கிராமி மேடையிலும் பாடப்பட்டபோதும், அதைப் பற்றிய பேச்சு உச்சத்தில் இருந்த 34 நாட்களில், வழக்கத்தைவிட 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்தன என்றும், எதிர்பார்க்கப்பட்டதைவிட 245 தற்கொலைகள் குறைந்தன என்றும் 2021 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இரண்டுக்கும் தொடர்பு தெரிகிறது என்பதோடு ஆய்வாளர்கள் நிற்கிறார்கள். பாட்டுத்தான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆய்வை முன்னின்று நடத்தியவர் வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் நீடர்கிரோட்டன்தாலர். (வாய்விட்டுப் படிக்கும் வாசகர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்க.) வியன்னா என்றதும், மோட்சார்ட்டை இழுத்துவராமல் சில வாரங்கள் பத்தி எழுதியதற்காக என்னைப் பாராட்டி எழுதிய அன்பருக்கு, நான் வருத்தத்தோடு தெரிவிக்க வேண்டியது ஒன்றிருக்கிறது: அந்த விரதம் இன்றோடு முடிகிறது. இம்முறை பழி என்னுடையதன்று. தற்கொலைச் செய்திகளைப் பத்திரிகைகள் விஸ்தாரமாக வர்ணித்தால் அதைப் பின்பற்றுவோர் பெருகுகிறார்கள் என்பதற்கு, கதேயின் 1774-ஆம் ஆண்டு நாவலின் துயர நாயகனை வைத்து வெர்தர் விளைவு என்று முன்பே பெயரிட்டிருந்தார்கள். விளிம்புவரை சென்று திரும்பியவர்களைப் பற்றிய செய்தி அதற்கு நேர்மாறான நன்மை செய்யக்கூடும் என்று 2010-இல் கண்டு சொன்ன இதே தாமஸ், அதற்குப் பாபகெனோ விளைவு என்று பெயர் சூட்டினார்.

பாபகெனோ யார்? 1791 செப்டம்பர் 30-ஆம் தேதி வியன்னாவின் புறநகர்க் கொட்டகை ஒன்றில் அரங்கேறிய மோட்சார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ இசைநாடகத்தில் வரும் பறவை பிடிப்பவன், உடம்பெல்லாம் இறகு, நல்ல சாப்பாடு, கொஞ்சம் மது, ஒரு பெண்டாட்டி, இவற்றுக்குமேல் ஆசை வைக்காத அப்பாவி. நாடகத்தின் கதாநாயகன் ஞானத்தைத் தேடி அக்கினியிலும் ஜலத்திலும் புகுந்து புறப்படுவதைவிட, இந்த அப்பாவி தன் பாபகெனாவைக் கண்ட மாத்திரத்தில் இழந்து பரிதவிப்பதே எனக்கு எப்போதும் பெரிதாகப் பட்டிருக்கிறது. வாழ்ந்தது போதும் என்று தீர்மானித்துவிட்டவன், மூன்று எண்ணுவேன், அதற்குள் யாராவது இரங்கமாட்டீர்களா என்று கேட்கிறான். ஒன்று என்கிறான், குழலை ஊதிச் சுற்றுமுற்றும் பார்க்கிறான். இரண்டு. மறுபடியும் பார்க்கிறான். மூன்றை எவ்வளவு இழுக்க முடியுமோ அவ்வளவு இழுக்கிறான். நகைச்சுவைப் பாத்திரமாதலால் சபை சிரிக்கிறது. ஆனால் போகத் துணிந்தவனும் தன்னைத் தடுக்க ஒருவர் வரமாட்டாரா என்று கடைசி நொடிவரை ஏங்குகிறான் என்ற உண்மையை, மனநூல் என்று ஒரு சாஸ்திரம் உருவாகும் முன்பே அந்தக் கொட்டகையில் ஆடிக் காட்டிவிட்டார்கள்.

அப்போது மூன்று சிறுவர்கள் வருகிறார்கள். அவர்கள் நீதி போதிக்க நிற்காமல், உன்னிடம் மணிகள் இருக்கின்றனவே, அவற்றை அடித்துப் பார் என்று ஞாபகப்படுத்துகிறார்கள். மணிகள் ஏற்கெனவே அவனிடம் இருந்தவை, துக்கத்தில் மறந்துபோனான். அடிக்கிறான், பாபகெனா வந்துவிடுகிறாள்.

நாடகத்தை எழுதியவரும், அந்த வேஷத்தைக் கட்டியவரும் இமானுவேல் ஷிகானேடர் என்ற கொட்டகைக்காரரே. ஆனால் மணியை வாசித்தவர் அவரல்லர். மேடையில் பாவனை செய்வார், திரைமறைவிலிருந்து வேறொருவர் வாசிப்பார். அக்டோபரில் ஓரிரவு, பாபகெனோவின் பாட்டின்போது மோட்சார்ட் தாமே உள்ளே போய் அந்த வாத்தியத்தில் அமர்ந்து, நடிகர் வாசிக்காமல் நின்ற இடத்தில் வேண்டுமென்றே ஒரு மீட்டு மீட்டினார். ஷிகானேடர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அடுத்த தடவை மணி வரும் என்று அவர் காத்திருக்க, மோட்சார்ட் சும்மா இருந்தார். பிறகு திடீரென ஒரு தட்டு. நடிகர் தம் கையிலிருந்த மணிகளையே அடித்து, வாயை மூடு என்று அதட்டினார். சபை வெடித்துச் சிரித்தது. அவர் கையால் மணி ஒலிக்கவில்லை என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும் என்று மனைவி கான்ஸ்டன்ஸுக்கு எழுதிய கடிதத்தில் மோட்சார்ட் குதூகலிக்கிறார். இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் 5-ஆம் தேதி, அவர் இறந்துபோனார், வயது 35.

இக்கடிதத்தை முன்பெல்லாம் வேடிக்கைக்காகப் படிப்பேன். இப்போது படிக்கையில், லாஜிக் பாடியதும் கூடுதலாக வந்து விழுந்த அந்த 9,915 அழைப்புகளை நினைக்கிறேன். பாடகர் எண்ணைச் சொன்னார். அழைப்பை எடுத்தவர்கள் வேறு மனிதர்கள். விருது மேடையில் அவர்கள் முகம் தெரியாது. ஆனால் எடுப்பார் இல்லாமல் மணி அடித்துக்கொண்டே இருந்திருந்தால் அந்தப் பாட்டினால் என்ன பிரயோஜனம்? நம் சென்னையில் 1986 முதல் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தின் தொண்டர்கள், தங்கள் பெயர் எங்கும் வராமல், இதையே செய்துவருகிறார்கள்.

பத்திரிகைகளைத் திட்டாமல் இப்பத்தி முடிவதில்லை என்பதும் வாசகர் அறிந்ததே. இவ்விஷயத்திலும் வியன்னாவே சாட்சி: அங்கே சுரங்க ரயில் நிலையங்களில் தற்கொலைகள் பெருகிவந்தபோது, பரபரப்பாக எழுதாதீர்கள் என்று 1987-இல் வகுத்துக் கொடுத்த நெறிகளைப் பத்திரிகைகள் ஏற்றுக்கொள்ள, ஆறே மாதத்தில் அங்கே தற்கொலைகளும் முயற்சிகளும் 80 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தன. நம்மவர்களோ இறந்தவரின் படம், வீடு, கடிதம், விதம் எல்லாவற்றையும் கொட்டை எழுத்தில் அச்சிட்டுவிட்டு, உதவி எண்ணை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும்படி கடைசியில் ஒட்டவைக்கிறார்கள். உதவி ஆசிரியர்களே, அந்த எண்ணைச் செய்தியின் முதல் வரியில் போடுங்கள். இடம் போதாவிட்டால் விதத்தைப் பற்றிய பத்தியை வெட்டுங்கள். இந்தப் பக்கத்து ஆசிரியரிடமும் சொல்லியிருக்கிறேன், கீழ்க்கண்டதைப் பத்தியின் எழுத்தளவிலேயே அச்சிட வேண்டுமென்று: டெலி மானஸ் மனநல உதவி எண், 14416, இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.