காதுக்குள் ஒரு காதல்... 500 எபிசோடு ஆகியும் ஏன் சேரவே மாட்டேங்குறாங்க?

குக்கர் மூணாவது விசில் அடிக்கிறது. அதே நேரம் உங்கள் இயர்போனில், அவன் அவள் கையைப் பிடிக்கிறான். 'நான் உன்கிட்ட சொல்ல வந்தது என்னன்னா...' என்று அவன் ஆரம்பிக்க, பின்னணி இசை அதிர, எபிசோடு முடிந்துவிடுகிறது. அடுத்ததைக் கேட்கணும்னா காயின் வேணும். இது உங்களுக்குப் பழக்கமான அனுபவமா? அப்போ நீங்களும் ஆடியோ காதல் தொடர்களின் ரசிகர்தான்!

பாக்கெட் எஃப்.எம், குக்கு எஃப்.எம் இரண்டுமே 2018-ல் தொடங்கப்பட்ட இந்திய நிறுவனங்கள். இரண்டிலும் தமிழ்க் கதைகள் உண்டு. 2024 மார்ச்சில் பாக்கெட் எஃப்.எம் திரட்டிய முதலீடு மட்டும் 10.3 கோடி டாலர். 'காதில் கதை சொல்றதுக்கா இவ்ளோ பணம்?' என்று தோணுதா? கதை கேட்கிற நம்மிடமிருந்து அது எப்படித் திரும்ப வரும்னு யோசிச்சா, அந்தக் காதலர்கள் ஏன் சேரவே மாட்டேங்குறாங்கனு புரியும்.

கண்ணும் கையும் ஃப்ரீ!

முதலில், இது ஏன் இவ்வளவு பிடிக்கிறது? சீரியல் பார்க்க டி.வி முன்னால் உட்காரணும். நாவல் படிக்க கையில் புத்தகம் வேணும். ஆடியோவுக்கு இரண்டுமே வேண்டாம். பாத்திரம் தேய்க்கும்போதும், டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதும், தையல் மெஷின் முன்னாலும் கேட்கலாம்.

இன்னொன்று, முகம் தெரியாத குரல். ஹீரோ எப்படி இருப்பான் என்பதை நீங்கள்தான் முடிவு பண்ணுகிறீர்கள். வீடு முழுக்க ஆள் இருக்கும்போதும் காதுக்குள் உங்களுக்கென்று ஓர் இடம் கிடைக்கிறது. நாள் முழுக்க மற்றவர்களுக்காக ஓடுகிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. அதனால், 'இதையெல்லாமா கேட்பாங்க?' என்று யாராவது கிண்டலடித்தால் கண்டுக்காதீங்க.

சோப்பு விற்ற கதை

தொடர் நாடகத்தைக் காதில் சொல்வது புது விஷயமல்ல. 1930-ல் சிகாகோ வானொலி ஒன்றில் 'பெயின்டட் ட்ரீம்ஸ்' என்ற தொடரை எழுதினார் இர்னா ஃபிலிப்ஸ். 1933-ல் ஆரம்பித்த 'மா பெர்கின்ஸ்' 1960 வரை ஓடியது. அதற்குப் பணம் கொடுத்தது துணி துவைக்கும் சோப்புத்தூள் விற்ற நிறுவனம். 'சோப் ஓபரா' என்ற பெயரே இப்படி வந்ததுதான். இல்லத்தரசிகள் நாளைக்கும் ரேடியோ முன்னால் வரணும், சோப்பு விளம்பரத்தைக் கேட்கணும். அதனால் கதை முடியக் கூடாது!

நம் ஊரில் ஆல் இந்தியா ரேடியோவின் ஒலிச்சித்திரமும், இலங்கை வானொலியின் நாடகங்களும் வீட்டையே ரேடியோ முன்னால் உட்கார வைத்தன. அதைக் கேட்க யாரும் எபிசோடுக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கவில்லை.

இப்போது மாறியிருப்பது அதுதான். அன்று சோப்பு கம்பெனி கொடுத்த காசை, இன்று கதை உச்சத்தில் நிற்கும் அந்த நொடியில் நீங்களே கொடுக்கிறீர்கள். கதை சேர்ந்துவிட்டால் காயின் நின்றுவிடும். ரமணிசந்திரன் நாவலை மத்தியானம் எடுத்தால், ராத்திரிக்குள் நாயகனும் நாயகியும் சேர்ந்துவிடுவார்கள். நாமும் நிம்மதியாகத் தூங்கப் போவோம். எபிசோடுக்குக் காசு என்ற கணக்கில் அந்த நிம்மதிக்கு இடமில்லை.

கோபம்தான் காதலா?

இந்தக் கணக்கு கதையையும் வளைக்கிறது. இரண்டு பேரைச் சேரவிடாமல் நூற்றுக்கணக்கான எபிசோடுகள் இழுக்க வேண்டுமென்றால் என்ன செய்வது? கான்ட்ராக்ட் கல்யாணம், கோபக்கார சி.இ.ஓ, ஒட்டுக்கேட்டுத் தப்பாகப் புரிந்துகொள்ளும் நாயகி எல்லாம் வந்தாக வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் பிரச்னையை, யாரும் பேசவே மாட்டார்கள்.

அவன் அவளுடைய போனைப் பிடுங்குகிறான், யாரோடு பேசினாய் என்று கத்துகிறான். உடனே மெல்லிய இசையோடு, 'அவ்வளவு பாசம்' என்று கதை சொல்லும் குரல் விளக்கம் கொடுக்கிறது. இதையே பக்கத்து வீட்டில் கேட்டால் நமக்குப் பதறும். அழகான குரலில் தினமும் காதுக்குள் கேட்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாக அது சாதாரணமாகிவிடுகிறது. முக்கியமாக, காதல் என்றால் என்னவென்றே இப்போதுதான் தெரிந்துகொள்ளும் டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு. உங்கள் மகள் கேட்கிறாளா? இயர்போனைப் பிடுங்க வேண்டாம். ஒரு எபிசோடை சேர்ந்து கேளுங்கள். 'இவன் பண்றது உனக்கு ஓகேவா?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பேச்சு தானாகத் தொடரும்.

கொஞ்சம் கணக்குப் போடலாமா?

ஒரு எபிசோடு 10 நிமிடம், ஒரு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். 800 எபிசோடு தொடருக்கு 800 ரூபாய், 133 மணி நேரம். ஒரு ரூபாயாகப் போகும்போது தெரியாது, மொத்தமாகப் பார்த்தால்தான் தெரியும். சில சிம்பிளான வழிகள் இதோ:

* தொடரை ஆரம்பிக்கும் முன்பே மொத்த எபிசோடு எண்ணிக்கையையும், கதை முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள்.

* மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையை முடிவு பண்ணுங்கள். அது தீர்ந்தால் அடுத்த மாதம்தான்.

* குறைந்த விலை ட்ரையல் எடுத்தால் ஆட்டோபேவும் ஆன் ஆகியிருக்கலாம். ஆப்பை டெலிட் செய்தால் மட்டும் அது நிற்காது. உங்கள் யு.பி.ஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதிக்குப் போய் கேன்சல் செய்யுங்கள். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைத் தள்ளிவிடாதீர்கள்.

* சேர்வது சுலபம், வெளியேறுவது கஷ்டம் என்று சந்தா அமைந்திருந்தால், அது 2023 நவம்பர் 30-ல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசு வழிகாட்டுதலின்படி தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்று. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

கதை கேளுங்கள், ரசியுங்கள். 'இன்னும் ஒரே ஒரு எபிசோடு' என்று ராத்திரி 12 மணிக்கு விரல் காயின் பக்கம் போனால் மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அவங்க நாளைக்கும் சேரப் போறதில்லை. நீங்க தூங்குங்க!