கம்பெனி அட்டை கடைசிவரை வராது!



ஜாம் பஜாரில் ஒரு மூட்டை வெங்காயம் வாங்கினாலும் அடிவரை கைவிட்டுத் துழாவிப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். ஆனால், வெளிநாட்டில் பொருளீட்டும் நம் சகோதரர்களிடம் மருத்துவ இன்சூரன்ஸ் என்று யாராவது ஒரு தாளை நீட்டினால், படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 'மலிவா?' என்று மட்டும் கேட்கிறார்கள். அந்த மலிவு விலைக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று கேட்பதில்லை. வியாபாரச் சமுதாயம் செய்யும் காரியமா இது?

ராயப்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் இருபத்திரண்டு ஆண்டுகள் சவூதியில் உழைத்தார். கம்பெனி தந்த அட்டையைக் காட்டிச் சர்க்கரைக்கு மருந்து வாங்கி வந்தார். எக்ஸிட் அடித்து ஊர் வந்த எட்டாவது மாதம் நெஞ்சுவலி. அட்டை இகாமாவோடு போய்விட்டது. இங்கே பாலிசி எதுவும் இல்லை. மகள் திருமணத்திற்கு வைத்திருந்த பணம் பைபாஸ் அறுவைக்குப் போனது. இது அவர் ஒருவரின் கதையா? உங்கள் தெருவிலும் விசாரித்துப் பாருங்கள்.

முதலில், சட்டம் உங்களுக்குத் தந்திருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சவூதியில் 1999இல் வந்த கூட்டுறவு மருத்துவக் காப்பீட்டுச் சட்டப்படியும், துபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டப்படியும், தொழிலாளிக்கான பிரிமியத்தை முதலாளிதான் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் அதைப் பிடித்தால் அது அநியாயம், முறையிடுங்கள். துபாயில் மனைவி மக்களை அழைத்து வைத்திருப்பவர், அவர்களுக்கான காப்பீட்டைத் தானே எடுக்க வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் அமீரகத்தின் மற்ற வடக்குப் பகுதிகளிலும் காப்பீடு கட்டாயம். அங்கே அடிப்படைத் திட்டம் ஆண்டுக்கு 320 திர்ஹம்.

320 திர்ஹத்திற்கு எல்லாம் கிடைத்துவிடுமா? வெளிநோயாளியாகப் போனால் 25 சதவீதம் உங்கள் பையிலிருந்து. ஒரு தடவைக்கு 100 திர்ஹம் வரை. மருந்துக்கு 30 சதவீதம் உங்களுடையது. அந்த அட்டையை ஏற்கும் மருத்துவமனைகளும் குறிப்பிட்டவைதான். ஆகவே மேலதிக பாலிசி எடுக்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆண்டு உச்சவரம்பு எவ்வளவு? என் பங்கு எவ்வளவு? எந்தெந்த மருத்துவமனை? கம்பெனி அட்டை ஏற்கெனவே தருவதையே தரும் இன்னொரு பாலிசிக்குப் பணம் கட்டுவது வீண்விரயம். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே காசைப் போடுங்கள்!

பெரிய ஓட்டை வெளிநாட்டில் இல்லை சகோதரர்களே, ஊரில் இருக்கிறது. அடிப்படை அட்டைகள் பலவும் அந்தந்த நாட்டு எல்லையோடு நின்றுவிடும். வயதான பெற்றோருக்கு அது உதவாது. நீங்கள் திரும்பி வந்தபின் உங்களுக்கும் உதவாது. ஐம்பது வயதில், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்தபின் இங்கே பாலிசி கேட்டால், முன்பே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க வைக்கலாம். 2024 ஏப்ரலுக்கு முன்பு இது நான்கு ஆண்டாக இருந்தது. எனவே உடம்பு நன்றாக இருக்கும்போதே, அங்கிருந்தபடியே இந்தியாவில் ஒரு பாலிசி தொடங்கி விடாமல் கட்டி வாருங்கள். காத்திருப்புக் காலம் நீங்கள் அங்கே இருக்கும்போதே கழிந்துவிடும். தனிநபர் மருத்துவ பாலிசிகள் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை.

சிறிய அடிப்படை பாலிசி ஒன்று, அதன்மேல் 'சூப்பர் டாப்-அப்' ஒன்று. கட்டும் காசுக்கு அதிகப் பயன் தருவது பெரும்பாலும் இந்த ஜோடிதான். வெறும் டாப்-அப், ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப், ஆண்டு முழுவதற்குமான செலவைக் கூட்டிப் பார்க்கும். ஒரே ஆண்டில் இரண்டு முறை படுத்தவருக்கு இந்த வித்தியாசம் லட்சங்களில் தெரியும்!

பத்தாம் வகுப்பு தேறாமல் இ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வளைகுடா செல்லும் இளைஞர்களே! உங்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' கட்டாயம். வரி நீங்கலாக இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம். அந்தப் பாலிசித் தாள் உங்களிடம் மட்டும் இருந்து என்ன பயன்? ஒரு நகலை வீட்டில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

'இன்சூரன்ஸ் கூடுமா?' என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். 1985இல் ஜித்தாவில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, வணிகக் காப்பீட்டை மறுத்து, கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது. இங்குள்ள பாலிசிகள் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதே தொகையை மாதாமாதம் சிகிச்சைக்கென்று தனியே ஒதுக்குங்கள். கருத்து வேறுபாட்டைச் சோம்பலுக்குச் சாக்காக்காதீர்கள்!

படிவத்தில் நோயை மறைக்காதீர்கள். ஏஜெண்ட் 'இல்லை என்று போடுங்கள் பாய்' என்பார். நாளை கிளைம் மறுக்கப்படும்போது அவர் வரமாட்டார். பொய் மார்க்கத்திலும் பாவம், பாலிசியிலும் நஷ்டம். நியாயமான கிளைமை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் செல்லுங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் படித்த இளைஞர்கள் இருவர், ஜும்ஆ முடிந்து ஒரு மணி நேரம் பள்ளிவாசல் வாசலில் உட்காருங்கள். பயணம் போகிறவர்களின் பாலிசித் தாளை வாங்கிப் படித்துச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு உண்டியல் ஏந்துவதைவிட, ஏந்தும் நிலை வராமல் தடுப்பது பெரிய சேவை அல்லவா? இந்த வெள்ளிக்கிழமையே தொடங்கலாமே!