வெறுங்காலும் விதி எண் 4-ம்: மும்பை சிறுவர் கால்பந்தில் பாதுகாப்பு யார் பொறுப்பு?

மும்பை: பருவமழை தொடங்கியதும் மும்பையில் பள்ளிக் கால்பந்தும் சூடுபிடிக்கிறது. ஆசாத் மைதானத்தின் சேற்றில் பள்ளி அணிகள் வரிசையாக நிற்க, ஆட்டத்துக்கு முன் நடுவர் ஒவ்வொரு சிறுவனின் காலையும் காதையும் கழுத்தையும் கையையும் பார்த்துச் செல்வது வழக்கம். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இந்தச் சோதனை, பார்வையாளர்களுக்கு வெறும் சடங்காகத் தெரியலாம். ஆனால், வீட்டில் காலணி வாங்கித் தர வசதியில்லாத சிறுவன் அன்று ஆடுவானா, ஓரத்தில் உட்காருவானா என்பது முடிவாவது அந்தச் சில நிமிடங்களில்தான்.

கால்பந்து விதிகளை வகுக்கும் சர்வதேச கால்பந்து சங்க வாரியத்தின் (ஐஎஃப்ஏபி) விதி எண் 4, வீரர்களின் உடைமைகள் பற்றியது. கைப்பகுதியுடன் கூடிய மேற்சட்டை, அரைக்கால் சட்டை, நீள் காலுறை, 'ஷின் கார்டு' எனப்படும் கால் முன்னெலும்புக் காப்பு, காலணி ஆகிய ஐந்தும் கட்டாயம். ஷின் கார்டு தகுந்த பொருளால் ஆனதாகவும், நியாயமான பாதுகாப்பு அளிப்பதாகவும் இருக்க வேண்டும். காலுறை அதை மூடியிருக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தில் எலும்பைக் காக்கத் தசை அநேகமாக இல்லை. அங்கு விழும் உதை நேரடியாக எலும்பைத் தாக்குகிறது. ஷின் கார்டு அந்த விசையை அகலமாகப் பரப்பிவிடுகிறது. எலும்பு முறிவை முழுமையாகத் தடுத்துவிடும் என்று சொல்ல முடியாவிட்டாலும், அடியின் கடுமையைக் குறைக்கிறது.

விதி எதைக் கேட்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அடியில் குமிழ்கள் கொண்ட விலையுயர்ந்த பூட்ஸ்தான் அணிய வேண்டும் என்று அது கூறவில்லை. ஆபத்தில்லாத எந்தக் காலணியும் போதும். சாதாரண கேன்வாஸ் ஷூ அணிந்தவனையும் நடுவர் தடுக்க இயலாது. ஷின் கார்டுக்கும் குறிப்பிட்ட அளவோ நிறுவனப் பெயரோ விதியில் இல்லை. சில நூறு ரூபாய்க்கு அது கடைகளில் கிடைக்கிறது. ஆனால் தினக்கூலி வருமானத்தில் வாழும் வீட்டில் அந்தச் சில நூறும், வளரும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் அளவு மாறும் காலணியும் சிறிய செலவல்ல.

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் இடையே நடந்து கடக்கும் தூரம்தான். மாட்டுங்காவில் தனக்கென மைதானம் கொண்ட டான் போஸ்கோ பள்ளி இருக்கிறது. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர்கள் தோல் பதனிடும் தொழிலை வளர்த்த தாராவியிலோ, சந்தும் தெருவுமே ஆடுகளம். நாட்டின் பல ஊர்களுக்குத் தோல் பையும் பெல்ட்டும் அனுப்பும் பகுதியில் ஒரு சிறுவன் வெறுங்காலுடன் பந்து உதைப்பது முரண்தான் என்றாலும், மும்பையில் இதற்கு யாரும் வியப்பதில்லை. செம்பூரில் இரண்டும் கலந்தே காணப்படுகின்றன. மாடிக் குடியிருப்புச் சிறுவனும் குடிசைப் பகுதிச் சிறுவனும் ஒரே அணியில் ஆடும்போது, உடைமை வேறுபாடு ஒரே வரிசையில் வெளிப்படையாகத் தெரிகிறது.

வெறுங்கால் ஆட்டத்தைப் பெருமையாகப் பேசும் மரபும் நமக்கு உண்டு. 1911-ல் ஐஎஃப்ஏ கேடயத்தை வென்ற மோகன் பகான் அணியில் பெரும்பாலானோர் வெறுங்காலுடன் ஆடினர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் இந்தியா 1-2 என்ற கணக்கில் தோற்ற ஆட்டத்திலும் வெறுங்கால் வீரர்களே பேசப்பட்டனர்; அதில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஆனால் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் தோற்ற பிறகு, பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளில் மெல்போர்னில் இந்தியா அரையிறுதிக்கு முன்னேறியது; ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்த நெவில் டிசோசா மும்பைக்காரர். வெறுங்கால் என்பது திறமையின் அடையாளம் அல்ல, வசதியின்மையின் அடையாளம் என்பதை இந்திய கால்பந்து அன்றே கண்டுகொண்டது.

மும்பைக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. தேங்கிய மழைநீரில், காலில் காயத்துடன் வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்திலும் எச்சரிக்கிறது. எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரின் வழியே பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நோய், 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பிறகு இந்நகரில் பலரைத் தாக்கியது. மழைக்காலத்தில் ஆடப்படும் பள்ளிக் கால்பந்தில் காலணி, எதிரணியின் உதையிலிருந்து மட்டும் காப்பதில்லை.

நகை பற்றிய விதி இதைவிடக் கண்டிப்பானது. 2024-25 பதிப்பின்படி கம்மல், மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி, ரப்பர் பட்டை எதுவும் கூடாது. மேலே டேப் ஒட்டி மறைப்பதும் ஏற்கப்படாது. காது குத்திச் சில வாரங்களே ஆன சிறுமியின் தாய் நடுவரிடம் வாதாடுவது இயல்பு. என்றாலும் இந்த இடத்தில் நடுவர் இளகக் கூடாது. பந்து காதில் பட்டால் கிழிவது மடல்தான். தலைத்துணி விஷயத்தில் விதியே இளகியிருக்கிறது. 2013-ல் கனடாவின் கியூபெக்கில் சீக்கியச் சிறுவர்கள் தலைப்பாகையுடன் ஆடத் தடை விதிக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 2014-ல் தலைத்துணிகளுக்கு முறையான அனுமதி கிடைத்தது. விளையாட்டுக் கண்ணாடி அணியும் இளம் வீரர்களிடம் தாராளம் காட்டுமாறு விதிப்புத்தகமே நடுவர்களைக் கேட்டுக்கொள்கிறது.

காலணியில் அத்தகைய தாராளத்துக்கு இடமில்லை. சிறுவர் கால்பந்துக்காகத் தேசிய சங்கங்கள் மாற்றிக்கொள்ளக்கூடியவை என விதிப்புத்தகம் பட்டியலிடுபவை ஆடுகளத்தின் அளவு, பந்தின் அளவும் எடையும், கோல் கம்பங்களின் இடைவெளி, ஆட்ட நேரம், வெளியேறிய வீரர் மீண்டும் களமிறங்குவது போன்றவையே. கட்டாய உடைமைகள் அதில் இல்லை. எனவே இரக்கப்பட்டு ஒரு வெறுங்கால் சிறுவனை ஆடவிடும் நடுவர், விதிக்கு வெளியே சென்றுவிடுகிறார். ஆட்டத்தில் ஏற்படும் காயங்களுக்கு நடுவரைப் பொறுப்பாக்கக் கூடாது என்று விதி எண் 5 கூறுகிறது. ஆனால் அந்தக் காப்பு, விதிகளின்படி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கே உரியது. சேற்றில் குமிழ் பூட்ஸ் ஒன்று அந்த வெறுங்காலை மிதித்தால், நடுவரின் இரக்கம் அவருக்குத் துணைநிற்காது.

இச்சூழலில் 2024-25 பதிப்பில் சேர்ந்த ஒரு வாக்கியம் கவனத்துக்குரியது. ஷின் கார்டின் அளவுக்கும் பொருத்தத்துக்கும் வீரரே பொறுப்பு என்கிறது அது. ஐரோப்பியத் தொழில்முறை வீரர்கள் உள்ளங்கை அளவுகூட இல்லாத ஷின் கார்டுகளை அணியத் தொடங்கியதால் எழுந்த விவாதத்துக்கு, வளர்ந்தவர்களை மனதில் வைத்து அளிக்கப்பட்ட விடை இது. கோடிகளில் ஊதியம் பெறும் வீரர் தன் காலுக்குத் தானே பொறுப்பேற்கலாம். தொலைக்காட்சியில் அவரைப் பார்த்து அதே குட்டிக் காப்பைக் கேட்டு வாங்கும் 12 வயதுச் சிறுவனும், அண்ணன் விட்டுச்சென்ற பெரிய காப்பைக் கயிற்றால் கட்டி வரும் 12 வயதுச் சிறுவனும் எப்படிப் பொறுப்பேற்பார்கள்?

அந்தப் பொறுப்பு போட்டியை நடத்துபவர்களுக்கும் பள்ளிகளுக்கும் போக வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா நடத்தியபோது, அதையொட்டி செப்டம்பர் 15 அன்று மகாராஷ்டிரம் முழுவதும் பத்து லட்சம் பேரைப் பந்து உதைக்க வைக்கும் இயக்கம் நடந்தது. பள்ளிகளுக்குப் பந்துகள் வழங்கப்பட்டன. இறுதிவரை அந்த இயக்கத்தின் அடையாளமாக நின்றது பந்துதான். பந்தை உதைக்கும் கால் அல்ல.

ஆட்ட நாளில் பந்து, மூலைக் கொடி, முதலுதவிப் பெட்டி ஆகியவற்றைக் கொண்டுவருவது அமைப்பாளரின் வேலை. அந்தப் பெட்டியின் அருகே வெவ்வேறு அளவுகளில் சில ஜோடி ஷின் கார்டுகளும் கேன்வாஸ் ஷூக்களும் கொண்ட ஒரு பை இருந்தால், நடுவர் சிறுவனை வெளியே அனுப்புவதற்குப் பதில் பையிடம் அனுப்பலாம். விதியும் இதற்கு வழிவிடுகிறது: உடைமையைச் சரிசெய்து வரும் வீரர், போட்டி அதிகாரி ஒருவர் சோதித்தபின் நடுவரின் அனுமதியுடன் ஆட்டம் நடக்கும்போதே களத்துக்குத் திரும்பலாம். ஒருவர் அணிந்ததை அடுத்தவருக்குத் தருமுன் துடைத்து உலர்த்த ஆள் வேண்டும். மழைக்கால ஆசாத் மைதானத்தில் எளிதல்லாதது அந்த ஒன்றுதான்.