தினமும் 5 நிமிட ஸ்டார்ட் வேண்டாம்!



பொங்கல், தீபாவளிக்கு வந்தால் ஓட்டுவதற்கென்று ஒரு பெட்ரோல் காரைக் கள்ளக்குறிச்சியில் அப்பா வீட்டில் நிறுத்திவிட்டு, "தினமும் 5 நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணிடுங்கப்பா" என்று சொல்லிப் போகும் பிள்ளைகள் இப்போது பலர். நல்லெண்ணம்தான். ஆனால் வண்டியைக் கெடுக்கும் வழி அதுதான் என்பேன்.

காரணம் ஸ்பார்க் பிளக். அதன் நுனியில் சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அதைத் தாண்டும் பொறிதான் பெட்ரோல் கலந்த காற்றைப் பற்றவைக்கிறது. குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போகும். முழுதாக எரியாமல் பிளக்கில் கரியாகப் படியும். நுனி ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸ் சூடானால் அந்தக் கரி தானாகவே எரிந்துபோகும். நின்ற இடத்தில் 5 நிமிடம் ஓடினால் அந்தச் சூடு எப்படி வரும்? தினம் ஒரு பூச்சு கரிதான் மிச்சம்.

கரி மின்சாரத்தைக் கடத்தும். இடைவெளியைத் தாண்ட வேண்டிய மின்சாரம் கரி வழியே கசிந்துவிடும். சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றும், பிடிக்காது. பிடித்தாலும் வண்டி நடுங்கும், மைலேஜ் குறையும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும். அதன் விலையைப் பார்த்தால் பிளக் விலை ஒன்றுமே இல்லை.

கச்சிராயபாளையம் வரை ஒழுங்காக ஓடிய வண்டி கல்வராயன் மலை ஏறும்போது திணறுவதற்கும் இது ஒரு காரணம். ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்; பொறி பறக்க அதிக வோல்ட் வேண்டும். கரி பிடித்த பிளக் அங்கேதான் கைவிடும். மூன்று சிலிண்டர் மாருதி 800-இல் ஒன்று எரியாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு பலம் போச்சு. வண்டிக்குள் குழந்தைகள், பின்னால் வெள்ளிமலை பஸ். விளையாட்டல்ல.

பிளக்கை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். கழற்றியதும் நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் நலம். உலர்ந்த கரி என்றால் குறைந்த ஓட்டமோ, அடைத்த ஏர் ஃபில்டரோ காரணமாக இருக்கலாம். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் என்ஜின் ஆயில் உள்ளே கசிகிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் பிளக்கை மட்டும் மாற்றினால் புதியதும் கறுக்கும். கணக்கில் எந்தப் படி தப்பியது என்று பார்க்காமல் விடையை மட்டும் திருத்துவது போலத்தான் அது.

வாரம் ஒருமுறை, நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, நெடுஞ்சாலையில் சின்னசேலம் வரை போய்வரச் செய்யுங்கள். அப்பாவையும் கூட அழைத்துப் போகட்டும். ஓட்ட ஆளில்லை என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு அப்படியே விடுங்கள். தினசரி ஸ்டார்ட்டை விட அது மேல். மலைக்குக் கிளம்பும் முன் பிளக்கை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மெக்கானிக்காக இருக்கும் என் மாணவர்கள், விட்டுப்போனதைக் கீழே எழுதுங்கள். எல்லோருக்கும் பயன்படும்.