ஆண்டறிக்கைக் கட்டங்களுக்குள் வராத வளர்ச்சி

திருமண்டல வாலிபர் ஊழிய இயக்குநர் ஐயா அவர்களுக்கு,



உங்கள் அலுவலகத்தின் ஆண்டறிக்கைப் படிவம் சேகரங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது. முகாமுக்கு வந்தவர் எத்தனை பேர், முழு இரவு ஜெபத்தில் எத்தனை பேர், முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்தவர் எத்தனை பேர், காணிக்கை எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். எண்களைப் போட்டு அனுப்பிவிடலாம். ஆனால் எங்கள் பிள்ளைகளிடம் இந்த ஆண்டு நாங்கள் கண்ட வளர்ச்சி எந்தக் கட்டத்துக்குள்ளும் வரவில்லை.

பைக் மெக்கானிக் கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவன். பாடம் வாசிக்கக் கூப்பிட்டாலே கடைசி பெஞ்சிலிருந்து நழுவிவிடுவான். இந்த ஆண்டு வாலிபர் ஞாயிறன்று அவன் வாசித்தது ரோமர் 16ஆம் அதிகாரம். படித்தவர்களுக்கே நாக்குப் புரளும் பெயர்கள். வாரம் முழுக்க ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே பத்திரொபா, எர்மே என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். அசிங்கிரீத்துவில் மட்டும் கொஞ்சம் நின்றான், மூச்சு வாங்கினான், தாண்டிவிட்டான். ஆராதனை முடிந்ததும் கேடயம் வாங்கியது வேத வினாடி வினாவில் ஜெயித்த அணி. இவனைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை இல்லை.

அவன் வாசித்த அதிகாரத்தையே பாருங்கள். பவுல் அதில் இருபத்தைந்து பேருக்கு மேல் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். பெபேயாள் பலருக்கு உதவியாய் இருந்தாள், திரிபேனாளும் திரிபோசாளும் கர்த்தருக்குள் பாடுபட்டார்கள், ரூபின் தாய் தனக்கும் தாய் போல இருந்தாள் என்று எழுதுகிறார். எத்தனை ஆத்துமாக்களை ஆதாயப்படுத்தினாய் என்று ஒருவரிடமும் கணக்குக் கேட்கவில்லை.

நம் சபைகளிலும் இப்படி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லும் பழக்கம் இருந்ததுதான். 1881இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் பிரான்சிஸ் கிளார்க் போதகர் தொடங்கிய கிறிஸ்தவ முயற்சி சங்கம் இங்கேயும் கிளைவிட்டது. மாதம் ஒருமுறை பெயர் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவரும் எழுந்து ஒரு வசனமாவது சொல்ல வேண்டும். வாய் திறக்கக் கூசும் பிள்ளைக்கு அந்த ஒரு வசனமே முதல் அடி. இன்று எழுப்புதல் கூட்டத்தில் கை தூக்கினால்தான் கணக்கு. ஒவ்வொரு முகாமிலும் அதே பிள்ளைகள் கை தூக்குவதும், அவர்களையே நாங்கள் மறுபடி எண்ணி அனுப்புவதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை அறுந்துபோன சித்தப்பா வீட்டுக்கு இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு தங்கச்சி கேக் கொண்டு போனாள். ஆன்லைன் ரம்மியைப் போனிலிருந்து அழித்துவிட்டு, "அண்ணே, நீங்க அப்பப்போ கேளுங்க" என்று வாலிபர் சங்கத் தலைவரிடம் வந்து நின்றான் ஒருவன். இவற்றைக் கொண்டாடாமல் எதைக் கொண்டாடப் போகிறோம்?

ஆனால் கொண்டாட்டம் என்றதும் நம் கை சால்வைக்கும் ஃப்ளெக்ஸுக்கும்தான் போகும். தயவுசெய்து வேண்டாம். ரம்மியை விட்டவனை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைத்தால், நாளைக்கு அவன் தடுக்கி விழும்போது எந்த முகத்தோடு கோயிலுக்கு வருவான்? அவனுக்கு அந்த அண்ணன் வாங்கிக் கொடுக்கும் டீயும் வடையும் போதும். ரோமர் வாசித்தவனுக்கு, கோயில் வாசலில் போதகர் ஐயா கையைப் பிடித்து "பெயரெல்லாம் சரியா வாசிச்சியே" என்று சொன்னால் போதும். அவர்கள் சம்மதித்தால், வாலிபர் கூட்டத்தின் ஸ்தோத்திர ஜெபத்தில் பெயர் சொல்லலாம்.

இதற்குக் கவனிக்கத் தெரிந்த தலைவர்கள் வேண்டும். உங்கள் தலைமைத்துவப் பயிற்சியில் பாட்டும் விளையாட்டும் தாராளமாகக் கற்றுத் தருகிறீர்கள். ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து பேச, கேட்டதை வெளியே விடாமல் வைத்திருக்க, போன வருடம் அவன் எப்படி இருந்தான் என்று நினைவில் வைக்க ஒரு வகுப்பு சேருங்கள்.

படிவத்தில் எண் கேட்காத அரைப்பக்கமும் விடுங்கள். உங்கள் சங்கத்தில் ஒருவர் எடுத்து வைத்த ஓர் அடியை, பெயர் இல்லாமல் எழுதுங்கள் என்று கேளுங்கள். அதற்குப் பரிசு வைத்துச் சேகரங்களுக்குள் போட்டியாக்கிவிடாதீர்கள். இந்த ஆண்டுப் படிவம் அச்சாகிவிட்டது, மாற்ற முடியாது என்பீர்கள். அதன் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. எங்கள் சேகரத்திலிருந்து அதில் எழுதி அனுப்புகிறோம்; எண்களைக் கூட்டும் முன் அதை வாசியுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
ஆசிரியர், சேகரச் செய்தி மடல்