கறியை நினையாமல் மீனைப் பாருங்கள்

சந்தைக்குப் புறப்படும்போதே, "இன்று சூரைமீன் குழம்பு" என்று தீர்மானித்துக்கொள்வது நம்மிற் பலருக்குள்ள வழக்கம். அவ்வழக்கம் எனக்கும் இருந்தது. விருந்தினர் வரவிருந்த ஒரு ஞாயிறன்று நேரஞ்சென்றே சந்தையை அடைந்தேன். பனிக்கட்டியின்றி வெயிலிற் கிடந்த சூரையின் தசை சற்றுத் தளர்ந்திருந்தது. புளியைக் கூட்டிவிட்டாற் போதும் என்றெண்ணி வாங்கிவந்தேன். உண்ட அரைமணி நேரத்துள் என் மகனின் முகம் சிவந்தது. உடல் தடித்துத் தினவெடுத்தது. தலையிடியும் வாந்தியும் கண்டன. மருத்துவரின் உதவியால் அன்று மாலையே அவன் தேறினான்.

மாமி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பிள்ளை, கறியை நினைச்சுக்கொண்டு சந்தைக்குப் போகக்கூடாது. மீனைப் பார்த்த பிறகுதான் கறியை நினைக்க வேணும்" என்று மட்டும் சொன்னார்.

அவ்வறிவுரையின் பின்னே விஞ்ஞானமும் உண்டு. சூரை, கும்பளா, சூடை போன்ற மீன்களின் தசை வெப்பத்திற் கிடக்கும்போது, பற்றீரியாக்கள் அதில் ஹிஸ்தமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. ஒருமுறை உண்டான ஹிஸ்தமினை அடுப்பின் சூடு அழிப்பதில்லை. புளியும் மிளகாயும் நாற்றத்தை மறைக்குமேயன்றி நஞ்சை நீக்கமாட்டா. சிலவேளை நாற்றமே இராது. நாவில் மிளகைக் கடித்தாற்போன்ற உறைப்பு மட்டும் தோன்றும். ஆதலால் இவ்வகை மீன்களை வாங்குமுன் அவை பனிக்கட்டியில் இருந்தனவா என்று கவனிப்பது முதற் கடமையாகும். நம் நாட்டு வெப்பத்தில் மீனின் நிறைக்குச் சமமான நிறைப் பனிக்கட்டி வேண்டும்.

இனி, புதுமீனை அறியும் வழியைப் பார்ப்போம். கண் தெளிந்து புடைத்திருத்தல் நல்ல அடையாளமே. எனினும் பனிக்கட்டி பட்ட கண் நல்ல மீனிலும் மங்குவதுண்டு. ஆகவே செவுளைத் திறந்து பாருங்கள். அது செந்நிறமாய் ஈரப்பசையுடன் இருத்தல் வேண்டும். கபில நிறமும் கொழகொழப்பும் ஆகா. செவுளை முன்னரே வெட்டி நீக்கிய மீனைக் கண்டால் ஐயுறுங்கள். அடுத்து விரலால் அழுத்துங்கள். குழி உடனே நிரம்பினால் தசை உறுதியானது. குழி அப்படியே நின்றால் விலகிவிடுங்கள். வயிறு உடைந்திருத்தலும் ஆகாது. புதுமீனில் கடற்பாசியின் மெல்லிய மணமே இருக்கும். துண்டாக வாங்குவோர் நடுமுள்ளைப் பார்த்தல் நன்று. தசை முள்ளை விட்டுப் பிரிந்திருந்தால் அது பழைய மீன்.

புதுமை உறுதியான பின்னரே சுவையைப் பற்றி எண்ண வேண்டும். மீனின் வாழ்க்கையே அதன் தசையை ஆக்குகிறது. ஓயாது நீந்தும் சூரைக்கு ஒட்சிசனைச் சேமிக்கும் செந்நிறப் பொருள் தசையில் மிகுதி. அதனாற்றான் அத்தசை சிவந்து, இறுகி, கனத்த சுவையுடன் இருக்கிறது. கொறுக்காய்ப்புளியும் மிளகும் அதற்கு ஏற்றவை. கரையோரத்து விளைமீனும் ஒட்டியும் வெண்டசை உடையன. அவற்றின் மென்சுவை தேங்காய்ப்பாற் சொதியிலே துலங்கும். காரத்தை அள்ளிப் போட்டால் மறைந்துவிடும். தேசிக்காய்ப்புளியை இறக்கிய பின்னர் விட்டாற் போதும். பாரையின் தசை குழம்பிற் கொதித்தாலும் எளிதிற் கரையாது. சூடை முள் மிகுந்தது, நெய்ப்பும் உடையது, ஆதலாற் பொரியலுக்குச் சிறந்தது. ஆனால் விரைவிற் கெடும் மீன்களுள் அதுவும் ஒன்று. வாங்கிய உடனே கழுவிச் சமைத்துவிட வேண்டும்.

சுறாவும் திருக்கையும் தனி இனம். அவற்றின் தசையில் இயற்கையாகவே யூரியா உண்டு. மீன் பழுதாகத் தொடங்கியதும் அது அமோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும். அந்நெடி வீசும் சுறாவை வறைக்கென்று வாங்காதீர்கள். எவ்வளவு உள்ளி இட்டாலும் அது மறையாது.

எந்த மீனாயினும் அதனை அளவுக்கு மிஞ்சி வேகவைத்தல் ஆகாது. ஆட்டிறைச்சியைப்போல மீன்தசையிற் கடினமான இணைப்பிழையங்கள் இல்லை. தசை வெண்மையாகி இதழ் இதழாகப் பிரியும்போதே இறக்கிவிட வேண்டும். மேலும் கொதித்தாற் சாறு வெளியேறித் தசை சக்கையாகும்.

விலை கூடிய மீனே விருந்துக்குரியது என்னும் எண்ணத்தையும் நாம் விடவேண்டும். தளர்ந்துபோன அறக்குளாவிலும் துள்ளும் சூடை மேலானது, பணமும் மிச்சம். இப்பொழுது நான் வெறும் மனத்துடனேதான் சந்தைக்குச் செல்கிறேன். அன்று சூடை மட்டுமே புதிதாயிருப்பின், விருந்தினர் யாராயினும் எங்கள் வீட்டிற் சூடைப் பொரியலே விருந்து. நல்ல மீன் ஒன்றுமே இல்லாத நாளிற் பருப்புக்கறியும் கீரையும் இருக்கவே இருக்கின்றன.